மருதம்பட்டைப் பால் எப்படி வேலை செய்கிறது?

அம்பாசமுத்திரத்தில் என் மாமனார் வீட்டு அடுப்படியில் விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு சின்ன மண்சட்டி ஏறும். காபிக்குப் பால் காய்வதுகூட அதற்குப் பிறகுதான். சட்டிக்குள் ஒன்றிரண்டாக இடித்த பட்டை, கொஞ்சம் பால், பாலைப் போல நாலு பங்கு தண்ணீர். தீயைச் சிறிதாக்கிவிட்டு அத்தை கோலம் போடப் போய்விடுவார். "தண்ணி பூராவும் சுண்டி பாலு மட்டும் நிக்கணும் மாப்பிள்ளை. பாலும் சுண்டிட்டுன்னா அது வேற பண்டம்" என்பது அவர் சொல்லும் பாடம். வடிகட்டினால் லேசான செம்பழுப்பில் ஒரு சின்ன டம்ளர் தேறும். மாமனார் அதை முகம் சுளிக்காமல் குடிப்பார். அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த வாரத்திலிருந்து இது நடக்கிறது.

எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். அந்த டம்ளருக்குள் இருப்பது என்ன? உள்ளே போய் அது என்ன செய்கிறது? யாரைக் கேட்டாலும் "இதயத்துக்கு நல்லது" என்று முடித்துவிடுகிறார்கள். மிக்ஸி எப்படி ஓடுகிறது என்று கேட்டால் "சட்னிக்கு நல்லது" என்று சொன்ன மாதிரி இருக்கிறது. அதனால் படித்துப் பார்த்தேன். படித்ததையெல்லாம் அத்தையின் அடுப்படியில் இருக்கிற சாமான்களை வைத்தே சொல்லிவிட முடியும் என்று தோன்றுகிறது.

பட்டை

முதலில் மரம். தாமிரபரணிக் கரையில் வெளுத்த சாம்பல் நிறத்தில், வழவழப்பான அடிமரத்தோடு, பட்டை செதில் செதிலாகத் தானே உரிந்து நிற்பது மருதமரம். காய்க்கு ஐந்து சிறகு. நீர்மருது, வெள்ளைமருது என்றும் சொல்வார்கள். வடமொழியில் அர்ஜுனம், வெண்மை என்று பொருள். ஸ்ரீசைலம் தலைமருது, தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூர் இடைமருது, எங்கள் பக்கத்துத் திருப்புடைமருதூர் கடைமருது என்று மூன்று கோயில்களை இந்த மரத்தை வைத்தே கோத்துச் சொல்வது வழக்கம். நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது பெயரில் கொஞ்சம் கவனம் வேண்டும். கருமருது வேறு. ஊதாப் பூப் பூக்கும் பூமருது வேறு குடும்பமே. மருதாணிக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

இதன் உண்மையான உடன்பிறப்புகள் கடுக்காயும் தான்றிக்காயும். திரிபலாவில் நெல்லிக்காயைத் தவிர்த்தால் மற்ற இரண்டும் மருதின் பேரினத்தைச் சேர்ந்தவை. அதனால்தான் மூன்றுக்கும் அந்த ஒரே துவர்ப்பு. சரகரும் சுசுருதரும் மருதம்பட்டையை அறிந்திருந்தார்கள், ஆனால் வேறு நோய்களுக்கு. இதய நோய்க்கு என்று அதை எடுத்துக் காட்டியவர் ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாக்படர். 11ஆம் நூற்றாண்டுச் சக்கரதத்தம் பாலில் காய்ச்சு, நெய்யில் சேர் என்று பக்குவமும் சொல்கிறது.

மருந்தின் பெயரை விட இந்தப் பக்குவம்தான் முக்கியம் என்று இப்போது எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

சட்டிக்குள் நடப்பது

வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுவோம். கறுக்காமல் இருக்கும், துவர்ப்பும் மட்டுப்படும். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு வறண்டு சுருங்குகிறதே, அதைச் செய்வது டானின் என்ற பொருள். புரதத்தைக் கண்டால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வது அதன் குணம். எச்சிலில் இருக்கிற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வழவழப்பை இழந்துவிடுகிறது. மோரில் போட்டால் பால்புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நாக்கை விட்டுவிடுகிறது. கட்டன் சாயாவின் துவர்ப்பு பால் விட்டதும் இறங்குவதும் இதனால்தான்.

மருதம்பட்டையில் டானின் ஏராளம். வெறும் தண்ணீரில் காய்ச்சிக் குடித்தால் வாயும் வயிறும் ஒருசேரச் சுருங்கும். பாலில் காய்ச்சும்போது டானினில் ஒரு பங்கு பால்புரதத்தோடு கட்டுண்டுவிடுகிறது. ஆக, பால் அங்கே ருசிக்காக மட்டும் இல்லை.

அடுத்தது கணக்கு. பாலில் மருந்து காய்ச்சுவதற்குப் பழைய விதி ஒன்று உண்டு: மருந்து 1 பங்கு, பால் 8 பங்கு, தண்ணீர் 32 பங்கு, பாலளவு நிற்கும்வரை காய்ச்ச வேண்டும். 5 கிராம் பட்டை என்றால் 40 மில்லி பால், 160 மில்லி தண்ணீர். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராத கணக்கு இது. அத்தைக்கு அவர் ஆச்சி சொன்னது. எதற்கு இவ்வளவு தண்ணீர், கடைசியில் எல்லாம் ஆவியாகத்தானே போகிறது? பட்டை மரக்கட்டை மாதிரி. அது வெந்து சாறு விட நேரம் பிடிக்கும். அத்தனை நேரம் வெறும் பாலைக் கொதிக்க வைத்தால் அடிபிடித்து, திரைந்து, பால்கோவாவாகிவிடும். தண்ணீர் அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்கிறது. துவரம்பருப்பு வேகத் தண்ணீர் விட்டுவிட்டுக் குழம்பில் அதைச் சுண்ட வைப்பதும் இதே கதைதான்.

மூன்றாவது, மஞ்சள்தூள். அதைத் தண்ணீரில் கலக்கி வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்துவிடும். எண்ணெயில் போட்டால் எண்ணெயே மஞ்சளாகிறது. சில சரக்கு தண்ணீரில் இறங்கும், சில கொழுப்பில்தான் இறங்கும். புளி ரசத்துக்குள் இறங்குகிற மாதிரி மிளகாயின் நிறம் இறங்குவதில்லை, அதற்குத் தாளிப்பு வேண்டும். மருதம்பட்டையில் இரண்டு வகையும் இருக்கின்றன. டானின் தண்ணீருக்கு எளிதாக வரும். அர்ஜுனோலிக் அமிலம் போன்ற டிரைடெர்பீன் வகைப் பொருள்கள் தண்ணீரில் சுலபமாகக் கரையாதவை. பாலுக்குள் தண்ணீரும் உண்டு, கொழுப்பும் உண்டு. ஒரே சட்டியில் இரண்டு கரைப்பான்.

மண்சட்டிக்கும் காரணம் இருக்கிறது. ஒருநாள் நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று பட்டையை இரும்புச் சட்டியில் போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் மை மாதிரி கறுத்துவிட்டது. உண்மையிலேயே மைதான். டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயையும் இரும்பையும் வைத்துத்தான் அந்தக் காலத்தில் எழுதுகிற மையும் கலம்காரித் துணியின் கறுப்பும் செய்தார்கள். அன்றைக்கு அத்தை எதுவும் சொல்லவில்லை. சட்டியை மட்டும் என் பக்கம் தள்ளி வைத்தார், தேய்ப்பதற்கு.

இதே குணத்தால், இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் துவர்ப்புக் கஷாயத்தையும் ஒரே வேளையில் விழுங்கக் கூடாது. வயிற்றுக்குள்ளேயே மை தயாரித்துவிட்டு, சத்து ஏறவில்லை என்று வருத்தப்பட வேண்டியிருக்கும்.

இனி மற்ற பக்குவங்கள். அர்ஜுனாரிஷ்டம் என்ற பெயரில் பாட்டிலில் வருவது புளிக்க வைத்த மருந்து. பட்டைக் கஷாயத்தோடு திராட்சை, இலுப்பைப்பூ, வெல்லம், காட்டாத்திப்பூ எல்லாம் சேர்த்து மூடி வைக்கிறார்கள். இட்லி மாவு பொங்குகிற மாதிரி அது நொதிக்கும். பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு வரை சாராயச் சத்து தானே உண்டாகும். சாராயம் மூன்றாவது கரைப்பான். அது இழுத்துக்கொண்டு வருகிற பொருள்கள் வேறு, கூடவே வருகிற இனிப்பும் வேறு. சர்க்கரை நோயாளிகள் இதைக் கேட்டுக்கொண்டு வாங்க வேண்டும். அப்புறம் வெறும் தூள் இருக்கிறது, பட்டையை அரைத்து அப்படியே. அப்புறம் காப்ஸ்யூல். அதற்குள் பெரும்பாலும் சாரம்; பல கிலோ பட்டையைச் சுண்ட வைத்துக் கொஞ்சமாக எடுத்தது. 500 மில்லிகிராம் தூளும் 500 மில்லிகிராம் சாரமும் ஒன்று என்று நினைப்பது, ஒரு கரண்டி ரசமும் ஒரு கரண்டி புளிக்காய்ச்சலும் ஒன்று என்று நினைப்பது போல.

அரிசி ஒன்றுதான். சோறும் பொரியும் இட்லியும் பழையதும் ஒன்றா? பட்டையும் அப்படித்தான். "மருதம்பட்டை இதயத்துக்கு வேலை செய்யுமா?" என்று யாராவது கேட்டால் "எந்த மருதம்பட்டை?" என்று திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை.

ஒற்றைச் சரக்கா, சாம்பார்ப் பொடியா?

சில மூலிகைகளில் வேலை செய்கிற பொருளைத் தனியாக விரல்வைத்துக் காட்ட முடியும். சர்ப்பகந்தியை எடுத்துக்கொள்வோம். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற மருத்துவர் இரத்த அழுத்தத்துக்கு அதன் வேரைக் கொடுத்துப் பார்த்து 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைத் தனியே பிரித்தார்கள், அது மாத்திரையாயிற்று. சாம்பாரில் பெருங்காயத்தைக் கண்டுபிடித்துத் தனியே எடுத்த மாதிரி.

மருதம்பட்டை அப்படிப் பிடிபடவில்லை. டிரைடெர்பீன்கள், அவற்றின் சர்க்கரைக் கூட்டுகள், ஃபிளேவனாய்டுகள், டானின்கள், சுண்ணாம்புச் சத்து என்று ஒரு கூட்டமே இருக்கிறது. சாம்பார்ப் பொடியில் எது ருசி என்று கேட்டால் தனியாவா, கடலைப்பருப்பா, வெந்தயமா என்று யார் சொல்வது? இதனால் ஒரு சிக்கல். மரம் வளர்ந்த இடம், பட்டையின் வயது, உரித்த பருவம், காய்ச்சிய நேரம் எல்லாம் பொடியின் கலவையை மாற்றும். அளக்க ஒரு தனிச் சரக்கு இல்லாததால் மாறியது வெளியே தெரியாது.

செடியிலிருந்து வந்ததால் சாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலியோரத்து அரளியிலும் இதயத்தைப் பாதிக்கிற பொருள்தான் இருக்கிறது, டிஜாக்சின் என்ற இதய மருந்தின் ஒன்றுவிட்ட உறவு. அது நஞ்சு. மருது அந்த வகை இல்லை. ஆனால் இரண்டும் செடிதான்.

தோசைக்கல், கொழுக்கட்டை, கரண்டி

இப்போது டம்ளர் காலியாகிவிட்டது. இதயத்துக்குப் போவோம்.

இரத்தக்குழாயில் கொழுப்பு அடைப்பதைப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக் குழாயில் எண்ணெய்ப்பிசுக்கு அடைப்பதோடு எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தை நம்பினால், கஷாயம் குடித்தால் சூடு தண்ணீர் ஊற்றிய மாதிரி அடைப்பு கரைந்து ஓடிவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் அது தவறான படம்.

சரியான படத்துக்கு முதலில் தோசைக்கல் வேண்டும். நன்றாகப் பழகிய இரும்புக் கல்லில் தோசை ஒட்டாது. கல்லின் மேல் எண்ணெயும் சூடும் சேர்ந்து உண்டாக்கிய ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. இரத்தக்குழாயின் உட்பக்கமும் அதுபோல ஓர் உயிரணு அடுக்குப் படலம். இரத்தத்தை ஒட்டவிடாது; தேவைப்பட்டால் குழாயை விரியச் சொல்லிச் சமிக்ஞையும் கொடுக்கும். உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை எல்லாம் அந்தக் கல்லைக் கம்பி நாரால் தேய்க்கிற வேலையைச் செய்கின்றன. இந்தூரில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், புகைபிடிக்கும் 18 ஆண்களுக்கு இரண்டு வாரம் மருதம்பட்டைச் சாரம் கொடுத்தபோது குழாய் விரியும் திறன் மேம்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் 18 பேர், இரண்டு வாரம். சிகரெட்டை விட்டாலும் கல் பழகும்; அதற்குப் பட்டை தேவையில்லை.

படலம் கெட்ட இடத்தில் எல்டிஎல் கொழுப்பு குழாயின் சுவருக்குள்ளே நுழைகிறது. மேலே படிவதில்லை, உள்ளே போகிறது. அங்கே தங்கி, பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிற மாதிரி ஆக்சிஜனேற்றம் அடைகிறது. வெள்ளையணுக்கள் வந்து அதைத் தின்று உப்பிப்போகின்றன. நாளாக நாளாகச் சுவருக்குள் ஒரு கொழுக்கட்டை உருவாகிறது: நடுவில் கொழுப்புப் பூரணம், மேலே நார்த் தோல். தோல் கனமாக இருந்தால் அது பல வருடம் சும்மா கிடக்கும். தோல் மெல்லியதாகி ஒருநாள் விரிந்தால் பூரணம் இரத்தத்தில் படும், அந்த இடத்தில் இரத்தம் உறையும், குழாய் அடைபடும். மாரடைப்பு அதுதான். அதற்கு முந்தின நாள்வரை கொழுக்கட்டை சின்னதாகவே இருந்திருக்கலாம்.

ஸ்டாட்டின் மாத்திரை பூரணத்தைக் குறைத்துத் தோலைக் கனமாக்குகிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தோல் விரிந்தாலும் இரத்தம் சீக்கிரம் கட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. மருதம்பட்டை? ஜெய்ப்பூரில் இதய நோயாளிகள் 105 பேரை மூன்றாகப் பிரித்து ஒரு மாதம் நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. ஒரு குழுவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை, ஒரு குழுவுக்கு வைட்டமின் ஈ, ஒரு குழுவுக்குத் தினம் 500 மில்லிகிராம் மருதம்பட்டைத் தூள். தூள் சாப்பிட்டவர்களுக்கு மொத்தக் கொழுப்பு சராசரியாகச் சுமார் 10 விழுக்காடும் எல்டிஎல் சுமார் 16 விழுக்காடும் இறங்கின. ஆளுக்கு ஆள் வித்தியாசமோ பெரிது. அதிக அளவு ஸ்டாட்டின் எல்டிஎல்லைப் பாதியாகக் குறைக்கும். 16ஐ நம்பி 50ஐ விட்டுவிடுவது என்ன கணக்கு?

சிக்கு வாடையைத் தடுக்கிற ஆன்டிஆக்சிடன்ட் இதில் நிறைய இருக்கிறது என்று விளம்பரங்கள் சொல்கின்றன. உண்மை, சோதனைக் குழாயில் அது தெரிகிறது. ஆனால் இந்த வாதத்தில் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டிருக்கிறோம். வைட்டமின் ஈயும் நல்ல ஆன்டிஆக்சிடன்ட்தான். 2000ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஹோப் ஆய்வில் 9,500க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு ஏறக்குறைய நாலரை வருடம் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பும் குறையவில்லை, சாவும் குறையவில்லை.

அடுத்து நெஞ்சுவலி. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட உட்காருகிற வீட்டுப் பெண்ணைப் போன்றது இதயத் தசை. சுருங்கும்போது உடம்புக்கெல்லாம் இரத்தத்தை அனுப்பும். தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் தளர்கிற இடைவேளையில்தான் வாங்கிக்கொள்ளும். மாடிப்படி ஏறினால் துடிப்பு வேகமாகும், இடைவேளை சுருங்கும். குழாயும் குறுகலாக இருந்துவிட்டால் அவள் பட்டினி. அந்தப் பட்டினியின் குரல்தான் ஏறும்போது வந்து உட்கார்ந்தால் போகிற நெஞ்சுவலி. நைட்ரேட் மாத்திரை குழாய்களை விரித்து வேலைப்பளுவையும் குறைக்கும். இந்தூரிலேயே 2002இல் வெளியான ஆய்வில் இப்படி வலி உள்ள 58 ஆண்களுக்கு மருதம்பட்டைச் சாரம் எட்டு மணிக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் ஒரு வாரமும், நைட்ரேட் ஒரு வாரமும், வெறும் மாத்திரை ஒரு வாரமும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்ததில் பட்டை நைட்ரேட்டுக்குச் சமமாக நின்றது. மருதம்பட்டைக்குச் சாதகமாக நான் படித்ததில் என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். ஒரு வாரக் கணக்கு என்பதையும் மறக்கவில்லை.

கடைசியில் கரண்டி. இதயம் ஒரு துடிப்பில் தன் அறையில் உள்ள இரத்தம் முழுவதையும் தள்ளுவதில்லை. இட்லி மாவுப் பாத்திரத்தில் ஒரு அள்ளுக்கு எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான்; 120 மில்லியில் ஏறக்குறைய 70. இந்த அள்ளும் பங்கு 55 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நலம். தசை நலிந்தவர்களுக்கு 30க்கும் கீழே போகும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். 1995இல், எந்த மருந்துக்கும் அடங்காத நிலையில் இருந்த 12 பேருக்கு வழக்கமான மருந்துகளோடு இரண்டு வாரம் மருதம்பட்டைச் சாரம் சேர்த்துக் கொடுத்தபோது அள்ளும் பங்கு உயர்ந்தது, மூச்சுத்திணறல் குறைந்தது. இன்றுவரை எல்லா விளம்பரமும் இந்த 12 பேர் தோளில்தான் ஏறி நிற்கிறது.

அதே கேள்வியை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பெரிதாகக் கேட்டார்கள். 100 நோயாளிகள், 12 வாரம், நீரில் எடுத்த சாரம் 750 மில்லிகிராம் நாளைக்கு இருமுறை. 2016இல் முடிவு வெளியானது: அள்ளும் பங்கு உயரவில்லை. சிலருக்கு நடக்கும் தெம்பும் நோயின் தொந்தரவும் சற்று மேம்பட்டன. பன்னிரண்டு பேருக்குச் சமைத்தபோது இருந்த ருசி நூறு பேர் பந்தியில் நிற்கவில்லை. பட்டையை எடுத்த விதம், நோயாளிகளின் நிலை, கூடவே கொடுத்த மருந்துகள் எல்லாம் இருபது வருடத்தில் மாறியிருந்தன என்றும் வாதாடலாம். வாதாடுகிறவர்கள் அடுத்த பந்தியை வைக்கட்டும்.

கவனித்தீர்களா, ஒரு ஆய்வில் தூள், ஒன்றில் சாரம், ஒன்றில் நீர்ச்சாரம். அத்தையின் மண்சட்டிப் பால் இவற்றில் எதிலுமே இல்லை.

பாத்திரம் தேய்க்கும் தொட்டி

சாப்பிட்ட எந்த மருந்தும் கடைசியில் கல்லீரலுக்கு வரும். அதைப் பாத்திரம் தேய்க்கிற தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நொதிகள்தான் தேய்க்கிற கைகள். ஒரு கை வேறு பாத்திரத்தில் மாட்டிக்கொண்டால் மற்றது தொட்டியில் குவியும், அதாவது அந்த மருந்து இரத்தத்தில் கூடிக்கொண்டே போகும். மருதம்பட்டைச் சாறு இத்தகைய சில நொதிகளின் வேகத்தைக் குறைப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆய்வகத் தட்டில் நடந்தது உடம்பில் அதே அளவு நடக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின் மாதிரி, கொஞ்சம் கூடினால் இரத்தக்கசிவு, கொஞ்சம் குறைந்தால் இரத்தக்கட்டி என்று நூல்மேல் நடக்கிற மருந்துக்காரர்கள் இந்தச் சட்டியை டாக்டருக்குத் தெரியாமல் ஏற்றக்கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே.

மாமனார் வீட்டில் நடந்தது வேறு. ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆன சமயம். யாரோ அனுப்பிய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, பட்டைப் பால் இருக்கும்போது கொழுப்பு மாத்திரை எதற்கு என்று அவராகவே நிறுத்திவிட்டார். எங்களுக்குச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் 70க்குள் இருந்த எல்டிஎல் 130ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் கோபிக்கவில்லை. "ஐயா, கஷாயத்தை நான் நிறுத்தச் சொல்லலையே. நீங்க ஏன் என் மாத்திரையை நிறுத்தினீங்க?" என்று கேட்டார். மாமனார் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் அத்தை சிரிக்கவில்லை. "அடுப்பை அணைச்சுட்டுத் தாளிச்சா கொழம்பு வேகுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

நல்ல வேளையாக, அவர் நிறுத்தியது கொழுப்பு மாத்திரையை மட்டும்தான், அதுவும் இரண்டு வருடம் கழித்து. ஸ்டென்ட் என்பது புதுத் தோசைக்கல். வெறும் உலோகம். அதன்மேல் உடம்பின் படலம் படர்ந்து பழகும்வரை எல்லாம் ஒட்டும். அதுவரை குளோபிடோக்ரெல்தான் தடவுகிற எண்ணெய். ஸ்டென்ட் வைத்த சில மாதத்தில் அதை ஒருவர் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் கட்டி உயிருக்கு ஆபத்தாகும். எந்தப் பட்டையும் அந்த எண்ணெய்க்கு மாற்று இல்லை. அதேபோல நெஞ்சை அழுத்துகிற வலி வந்து, வியர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் அடுப்பு பற்றவைக்கிற நேரம் அது இல்லை. 108ஐ அழைக்கிற நேரம்.

மண்சட்டி இப்போதும் ஐந்தரைக்கு ஏறுகிறது. பத்து மணிக்குப் படுக்கும்முன் கொழுப்பு மாத்திரையை அத்தையே எடுத்துக் கையில் கொடுக்கிறார், தண்ணீர் டம்ளரோடு நின்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார். மாமனாரின் மருத்துவக் குறிப்பேட்டில் மாத்திரைப் பெயர்களுக்குக் கீழே "மருதம்பட்டைப் பால், தினம் ஒருவேளை" என்று டாக்டர் கையாலேயே எழுதியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சட்டி ஏறுகிறது என்றால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு அந்தப் பட்டைப் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பாட்டிலோ காப்ஸ்யூலோ ஆனால், லேபிள் கிழியாமல்.